உள்ள எத்தன பேரு?

திரையில் அந்த வீடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்லூரியின் கணினி அறை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஏ.சி. வழக்கம்போல் ரிப்பேர் என்பதால் கதவைத் திறந்து வைத்திருந்தோம். வராந்தாக் குழாயில் யாரோ டிபன் பாக்ஸ் கழுவும் சத்தம் கேட்டது. விக்னேஷ் மவுஸைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தான். முன் அறை. மாதா படம் வைத்த மாடம். பாத்திரப் பலகை. நீளமான நடை. நடையின் கோடியில் கொல்லைக் கதவு.

கதவுக்குப் பின்னால் மூலையில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

காலை மடக்கி, சுவரில் சாய்ந்த உருவம். தலையிலிருந்து முழங்கால் வரை நீலக் கட்டம் போட்ட சேலை போர்த்தியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு உருகியது போல ஒரு வழவழப்பு. கண் இல்லை, மூக்கு இல்லை. சேலையின் கட்டங்கள் மட்டும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தன.

"என்னாது இது, நாய்ஸா?" என்றான் விக்னேஷ். கணினி தப்பாகப் புரிந்துகொண்டு உண்டாக்கும் குப்பைக்கு நாங்கள் வைத்திருந்த பேர் அது. அழிப்பதற்கான கருவியை எடுத்து அந்த உருவத்தின் மேல் கொண்டுபோனான்.

ஜெனிட்டா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழிக்காத. அது எங்கம்மா சேல."

அவளுடைய அம்மா இறந்து அப்போது பதினொரு மாதம். திரையில் இருந்தது அவளுடைய வீடு. அதை நாங்கள் மூன்று பேரும் படம் எடுத்தபோது வீட்டில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"சினிமாவுக்கா படிக்கிறே?"

போன வாரம் என் விடுதிச் சமையல்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் என்னதான் படித்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பெரியப்பாவுக்கே அது இன்றுவரை விளங்கவில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் திரைப்படமும் எண்ணியல் ஊடகமும் சேர்ந்த பட்ட மேற்படிப்பு அது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் சேரலாம். நான் தமிழ். ஜெனிட்டா கணினி அறிவியல். விக்னேஷ் நிலவியல், அதாவது கல்லையும் மண்ணையும் படித்தவன். ஒரு குழுவில் ஒரே பாடம் படித்த இரண்டு பேர் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆளுக்கொரு பாஷை பேசிக்கொண்டு தினமும் சண்டை போடுவோம்.

எங்கள் ஊரான செட்டிகுளத்தில் சொந்தக்காரர்கள் என்னை மடக்கி, "சினிமாவுக்கா படிக்கிறே? நடிக்கப் போறியா?" என்று கேட்பார்கள். "ஆமா, வில்லியா" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் விடுதிக்குப் பணம் கட்டினார்.

எனக்கு வரைய வராது. புரோகிராம் எழுத வராது. கேமராவைப் பிடித்தால் கை ஆடும். மிச்சம் இருந்தது சத்தம். மைக்கையும் ரெக்கார்டரையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அது பிடித்துப் போனது. இன்றைக்குச் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் சாப்பிடும் சோறு அதனால் வந்தது.

சத்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் படம் எடுத்தாலும் அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் என்போம். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு அமைதி இருக்கிறது. பின்னால் வசனத்துக்கு இடையில் ஒட்டுப் போட அது தேவைப்படும். அந்த ஒரு நிமிஷம் அங்கே இருக்கிற எல்லோரும் அசையாமல் இருக்க வேண்டும்.

என் தப்பு அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடந்தது.

சிவப்புக் கொடி

ஜெனிட்டாவின் வீடு அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் முப்பது வீடுகள் இருந்த தெரு. சுரங்கம் நெருங்க நெருங்க ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டார்கள். நாங்கள் போனபோது நாலு வீடு மிச்சம். தெருவில் எதைத் தொட்டாலும் கையில் வெள்ளைத் தூசி ஒட்டும்.

வீட்டில் இருந்தது அவளுடைய அப்பா மட்டும். ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். பெயர் அந்தோணிசாமி. சலவைச் சட்டை, முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடித்த கை. பேசும்போது மூச்சில் லேசாக ஓர் இழுப்பு இருக்கும். அது கரும்பலகைத் தூசியா சுரங்கத் தூசியா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

சுரங்கத்தில் தினமும் மதியம் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ரத்தினம் என்பவர் மொபட்டில் சிவப்புக் கொடியைச் செருகிக்கொண்டு தெருவில் வருவார். மிச்சமிருந்த வீடுகளின் வாசலில் நின்று, "உள்ள எத்தன பேரு?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். வெடி முடிகிற வரைக்கும் யாரும் வெளியே வரக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

ஜெனிட்டாவின் அம்மா லூர்துமேரிக்கு வெடி என்றால் உயிர் போகும் பயம். கொடியைப் பார்த்ததுமே போட்டது போட்டபடி எழுந்து, கொல்லைக் கதவுக்குப் பின்னால் மூலையில் போய் உட்கார்ந்து சேலையைத் தலையோடு போர்த்திக்கொள்வாராம். வாசலில் "ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு, வாத்தியாரும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருவாராம். "ஒண்ணுமில்ல லூர்து. வெடிதான்" என்பாராம். இப்படிப் பல வருஷம்.

"அம்மா போனப்புறமும் ஒரு வாரம் ரத்தினண்ணன்கிட்ட ரெண்டு பேருன்னே சொல்லிக்கிட்டு இருந்தாருடி" என்று ஜெனிட்டா பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "அவரும் எதுத்துப் பேசல. அப்புறம் ஒரு நா அப்பாவே ஒருத்தன்தான்னு மாத்திக்கிட்டாரு."

தை மாதக் கடைசியில் அவர் வீட்டை ஒப்படைத்துவிட்டுத் திருச்சியில் மூத்த மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. போயே ஆக வேண்டும். நடையின் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் விரிந்தது. போவதற்குள் அந்த வீட்டை முழுதாகக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஜெனிட்டாவின் யோசனை. அப்பா திருச்சியில் உட்கார்ந்தபடி தன் வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். எங்கள் இறுதியாண்டு வேலையாகவும் ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை

குளிர் விடாத ஒரு சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வாசலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கொல்லையில் ஒரு கோழி. கொல்லைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, சுருள் சுருளாக இருந்த ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். விக்னேஷ் அதைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினான். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல், இது அந்தக் கடலில் இருந்த நத்தை மாதிரி ஒரு பிராணியின் ஓடு என்றான்.

"ஓடா? கல்லால்ல இருக்கு" என்றேன்.

"ஓடும் போயிருச்சு, பிராணியும் போயிருச்சு. அது அசையாம கெடந்த எடத்துல மண்ணு அதோட வடிவத்த வாங்கிக்கிருச்சு. அவ்ளோதான்."

"லூர்து வயக்காட்டுல பொறுக்குனது" என்றார் வாத்தியார்.

பதினொரு மணிக்கு ரூம் டோன். ரெக்கார்டரை நடையில் பாத்திரப் பலகை மேல் வைத்தேன். எல்லோரையும் பார்த்து அதிகாரமாகச் சொன்னேன். "ஒரு நிமிசம் யாரும் அசையக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ஐயா, நீங்க எங்கயாச்சும் ஓரமா உக்காந்துக்குங்க."

"சரிம்மா" என்று உள்ளே போனார். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "அசையக் கூடாது" என்று சொன்னவர்.

நிமிஷம் முடிந்தது. வழக்கமாக "போதும்" என்று கத்த வேண்டும். பதிவு சுத்தமாக வந்திருக்கிறதே, எதற்குக் கெடுப்பானேன் என்று முன் அறையில் இருந்த இருவருக்கும் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். உடனே விக்னேஷ் முன் அறையில் விளக்குப் பிடிக்கக் கூப்பிட்டான். ரெக்கார்டரை நிறுத்தக்கூட மறந்துபோய் ஓடினேன்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் விக்னேஷ் நீளக் கம்பின் நுனியில் கேமராவை மாட்டிக்கொண்டு, காதில் பாட்டோடு, தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடி நடந்தான். இரண்டு நொடிக்கு ஒரு தரம் கேமரா தானாகப் படம் எடுத்துக்கொண்டது. மூலைமுடுக்குகளில் கம்பை நீட்டி எடுத்தான்.

ஒரு மணி வாக்கில் வாசலில் மொபட் சத்தம்.

"உள்ள எத்தன பேரு?"

"மூணு பேருண்ணே" என்றேன்.

"வாத்தியாரு?"

"வெளியில எங்கயோ போயிருக்காருண்ணே."

ரத்தினம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யோசித்தார். மூன்று என்று எழுதிக்கொண்டு போனார்.

சைரன் மூன்று முறை ஊதியது. பிறகு ஓர் அமைதி. என் தொழிலில் எத்தனையோ அமைதிகளைப் பதிவு செய்திருக்கிறேன். காக்கைகூட வாயை மூடிக்கொண்ட அந்த அமைதியை வேறெங்கும் கேட்டதில்லை. முதலில் உள்ளங்காலில் தெரிந்தது. அப்புறம்தான் சத்தம். பலகையில் பாத்திரங்கள் கிணுகிணுத்து அடங்கின. எங்கோ காரை பொலபொலவென உதிர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் கொல்லைப் பக்கமிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். கால்களில் வெள்ளைத் தூசி.

"முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"முடிஞ்சுதுங்கய்யா" என்றேன். வயசான கால், நடக்கச் சிரமப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அசையாதது மட்டும்

எடுத்த படங்களைச் சேர்த்துக் கணினிக்குள் முப்பரிமாண மாடலாக்கும் சாஃப்ட்வேர் வேலை செய்கிற விதம் எளிது. ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது எதுவோ அதை வைத்துக்கொள்ளும். இடம் மாறியதை அழித்துவிடும். காற்றில் ஆடிய நட்சத்திரம் எங்கள் மாடலில் இல்லை. அது தொங்கிய கம்பி மட்டும் இருந்தது. கோழி இல்லை. கதவுக்கு அண்டக் கொடுத்த கல் சுருள் சுருளாக அப்படியே இருந்தது.

அதை ஒட்டி அந்த உருவமும் இருந்தது.

மூலப் படங்களைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை. வேலை இருந்தது, நேரமில்லை என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மை என்னவென்றால் பயம். ஒவ்வொரு படத்திலும் அந்த மூலை காலியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மத்தியான வெளிச்சத்தில், முப்பது கணினிக்கு நடுவில், படித்த பிள்ளைகள் மூன்று பேர் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜெனிட்டா அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்தாள். மாடலைப் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. குரலில் சந்தோஷம்.

"நான் திருச்சிக்கு வரலம்மா. அக்காகிட்ட சொல்லிரு."

"ஏம்ப்பா?"

"அம்மா இருக்கறப்ப நான் எப்புடி வர்றது?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா நேரில் போய்ப் பார்த்தாள். கட்டிலை நடையில், அந்த மூலைக்கு எதிரே, வெடித்த சுவரை ஒட்டிப் போட்டிருந்தார். சாமான் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். சண்டை போட்டாள், அழுதாள். அவர் சிரித்த முகத்தோடு இட்லி வைத்துக் கொடுத்தாராம்.

அடுத்த வாரம் ஒரு வெடியில் சுவரிலிருந்து கைப்பிடி அகலத்துக்குக் காரை பெயர்ந்து தலையணை மேல் விழுந்தது. அவர் அப்போது முன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் இன்றைக்கு இதை நான் எழுத முடிகிறது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா அந்தச் செவுத்துக்குக் கீழ படுத்திருக்காருடி. அது என்னான்னு எப்புடியாச்சும் கண்டுபுடிச்சுச் சொல்லு. அம்மா இல்லன்னு அவருக்குக் காட்டணும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வழி நெடுக யோசித்தபோது, நான் நிறுத்த மறந்த ரெக்கார்டர் ஞாபகம் வந்தது.

ஹெட்போனில்

எங்கள் ஒலி அறை என்பது சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூம். காலை பத்து மணி. கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவைப் போட்டேன். ஒரு நிமிஷம் என்று நான் நினைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

முதல் ஒரு நிமிஷம் வீட்டின் அமைதி. அதற்குள் மெல்லிய ஒரு மூச்சு. இழுப்போடு. எனக்கு உடனே தெரிந்தது. வாத்தியார்.

நிமிஷம் முடிந்த பிறகும் மூச்சு அங்கேயே இருந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம், ஒரு மணி நேரம். விக்னேஷின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து விலகியது. தூரத்தில் என் குரல், "மூணு பேருண்ணே" என்றது. அவர் உள்ளே இருந்திருக்கிறார். நான் அவரைக் கணக்கில் விட்டிருக்கிறேன். கூரை விழுந்திருந்தால் ரத்தினம் மூன்று பேரைத்தான் தேடியிருப்பார்.

சைரன் ஊதியது. அந்த அமைதி வந்தது. அதற்குள் வாத்தியாரின் குரல், ரொம்பத் தாழ்வாக:

"ஒண்ணுமில்ல லூர்து. வெடிதான்."

வெடித்தது. பாத்திரங்கள் ஆடி அடங்கின. காரை உதிர்ந்தது. அப்புறம் யாரோ நிம்மதியாக விட்ட ஒரு நீளமான மூச்சு.

அந்த மூச்சில் இழுப்பு இல்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய், கல்லூரி பஸ்கள் நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றேன். டிரைவர் அண்ணன் ஒருவர், "என்னம்மா, முடியலியா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். திரும்பிப் போய் அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவைக்கு மேல் கேட்டேன். கதவிடுக்கில் காற்று என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். வெடிக்குப் பின்னால் காற்று அப்படி இழுக்கும், விக்னேஷும் அதைத்தான் சொல்வான். அவனிடம் நான் கேட்கவில்லை. ஜெனிட்டாவிடமும் அந்த மூச்சைப் பற்றிச் சொன்னதில்லை. இந்தத் தொடரைப் படிப்பதாகச் சொன்னாள். இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அன்று மதியமே மூன்று பேரும் உட்கார்ந்து மூலப் படங்களைத் திறந்தோம். மூலை காலியாக இல்லை. மங்கலாக, இருட்டோடு இருட்டாக அவர் உட்கார்ந்திருந்தார். மனைவியின் பழைய சேலையைத் தலையோடு போர்த்தியிருந்தார். கணினி வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியபோதுதான் முகமே தெரிந்தது. தலை மட்டும் படத்துக்குப் படம் திரும்பியிருந்தது. சிலவற்றில் கேமராவைப் பார்த்தார். மற்றதில் எல்லாம் பக்கத்தில் இருந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் உருகிப் போனது அதனால்தான்.

"துணி மூட்டைன்னு நெனச்சேன்" என்றான் விக்னேஷ். "சேலதான் தெரிஞ்சுது. நான் குனிஞ்சுகூடப் பாக்கல."

வாத்தியார் கேட்டது

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுநாளே போனோம். முன் அறையில் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினேன். பேய் ஓட்டப் போகிற பூசாரியின் தோரணை எனக்கு. உண்மையைக் காட்டினால் தெளிந்துவிடுவார், சாமானைக் கட்டுவார், கிளம்புவார்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நான்."

"ஆமாங்கய்யா. தப்பு என்னுதுங்க. எந்திரிங்கன்னு நான் சொல்லவே இல்ல. மன்னிச்சுக்குங்க."

"ஒரு நிமிசம்னுதானம்மா சொன்னே. ஒரு நிமிசந்தான் இருந்தேன்."

"ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்கப்பா" என்றாள் ஜெனிட்டா.

அவர் நம்பவில்லை. நான் படங்களின் மூலையில் இருந்த நேரத்தைக் காட்டினேன். முதல் படம் பதினொன்று பத்து. கடைசிப் படம் ஒன்று இருபது. அவர் குனிந்து தன் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அதான் காலு மரத்துப் போயிருந்துச்சா" என்றார்.

"சேலய ஏம்ப்பா போத்திக்கிட்டீங்க?"

"குளிருச்சு. துணிக்கொடியில கெடந்துச்சு." கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த எடத்துல நான் எப்பவும் அவளுக்கு இந்தப் பக்கந்தான் உக்காருவேன். அன்னிக்கு அவ எடத்துலயே உக்காந்துட்டேன்போல."

ஜெனிட்டா அவர் முழங்காலில் கை வைத்தாள். "அம்மா இல்லப்பா. பாத்தீங்கள்ல? நீங்கதான். கெளம்புங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வூட்ட இடிச்ச பொறவும் இது இருக்குமா?"

"இருக்குங்கய்யா."

"இதுல நான் எந்திரிக்க மாட்டேனே?"

விக்னேஷ்தான் சொன்னான். "மாட்டீங்க ஐயா. அப்புடியேதான் இருக்கும்."

"யாரும் அழிச்சிர மாட்டீங்களே?"

"மாட்டோங்கய்யா."

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"அப்ப சரி. அவள ஒத்தையில விட்டுட்டு வரணுமேன்னுதான் எனக்கு இருந்துச்சு. நான்தான் அங்க இருக்கேனே. அப்ப கெளம்பலாம்."

ஜெனிட்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள். நாங்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் அம்மா இல்லை என்று காட்டப் போய், இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆயிற்று.

உருவத்தை அப்படியே விட்டுவைக்க எங்கள் துறைத் தலைவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. குப்பையைச் சுத்தம் செய்யாமல் சமர்ப்பித்தால் மதிப்பெண் குறையும் என்றார். குறைந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அப்படியே கொடுத்தோம். எங்களுக்குள் சண்டை வராமல் நடந்த ஒரே காரியம் அது. இன்றைக்கும் எந்த இடத்தில் ரூம் டோன் எடுத்தாலும், முடிந்ததும் நான் எல்லா அறைக்கும் போய், கொல்லை வரைக்கும் போய், "முடிஞ்சுது, எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

வேன்

தை கடைசி வாரத்தில் ஒரு நாள் வேன் வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை, மாதா படம் எல்லாம் ஏறின. நட்சத்திரத்தை அவர் கையாலேயே அவிழ்த்து மடித்துக்கொண்டார். கொல்லைக் கதவுக் கல்லை விக்னேஷ் எடுத்து வந்து நீட்டினான். நினைவுக்கு இருக்கட்டும் என்று கொண்டுவந்தான்.

"அங்கயே வெச்சிருப்பா. கதவு சாத்திக்கும்."

இரண்டு நாளில் இடிக்கப்போகிற வீடு. விக்னேஷ் கல்லைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான். அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் சாமான்களுக்கு நடுவில். டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது எதிரே மொபட் வந்தது. சிவப்புக் கொடி.

ரத்தினம் வண்டியை ஓரம் கட்டிக் காலை ஊன்றினார். "கெளம்பிட்டீங்களா வாத்தியாரய்யா. ஒடம்பப் பாத்துக்குங்க."

"வரேன் ரத்தினம்."

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பழக்கம் ரத்தினத்தின் கையை விடவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அசட்டுச் சிரிப்போடு கேட்டார்.

"உள்ள எத்தன பேரு?"

வேன் சாமானோடு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வாத்தியார் ஜன்னல் வழியாக வீட்டைப் பார்த்தார். திறந்திருந்த வாசல் வழியாக நடையும் அதன் கோடியில் கொல்லை வெளிச்சமும் தெரிந்தன.

"ரெண்டு பேரு இருக்கோம்" என்றார்.

ரத்தினத்தின் சிரிப்பு நின்றது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றி, நோட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்து எழுதிக்கொண்டார்.